பதினாலு தலைக்கட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ஊருக்கு உபதேசம் சொல்கிற வேலையில் இருக்கிற ஒரே சங்கடம், ஊர் சில சமயம் அதைக் கேட்டுவிடுவதுதான். கேட்காதவரைக்கும் பிழைப்பு சுகமாக ஓடும். அடுத்தவருக்கு வழி சொல்லியே காலம் தள்ளுகிற வைத்தியர், வாத்தியார், மாமியார் எல்லோருக்கும் இது தெரியும். உங்களில் யாராவது அந்த ரகம் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் கதையைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

என் பெயர் அடைக்கலம். சொந்த ஊர் காட்டூர். நெல் தெரியும், மாடு தெரியும், தண்ணீர் என்றால் கணுக்கால்வரை தெரியும். சென்னப்பட்டணத்துப் பாதிரியாரிடம் எழுத்துப் படித்து, அச்சடித்த புதிய ஏற்பாடு ஒன்றையும் பத்துக் கட்டளைகள் எழுதிய ஓலைக் கட்டு ஒன்றையும் வாங்கிக்கொண்டு, ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்டுகொண்டிருந்த பழவேற்காட்டுக்கு உபதேசியாக வந்து சேர்ந்தேன். கோட்டைக்குள் ஒல்லாந்தருக்கு அவர்கள் பாஷையில் ஆராதனை. வெளியே, ஏரிக்கரையில் ஓர் ஓலைக் கொட்டகையில், தமிழ்ச் சபைக்கு நான். சபை என்றால் மொத்தம் பதினோரு பேர்.

அந்தப் பதினோரு பேரில் மீன் பிடிக்கிற குடும்பம் ஒன்றுதான். பேதுரு, அவர் மனைவி மார்த்தாள், இரண்டு பெண்பிள்ளைகள். பேதுருவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஞானஸ்நானத்தின்போது, “அந்தப் பொஸ்தகத்துல மீனு புடிக்கிறவன் பேரு எதுனா கீதா?” என்று கேட்டு வாங்கிக்கொண்ட பெயர் இது. இந்தக் கரையில் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் சொல்வார்கள். மரியாதை முழுவதும் ‘ஒபதேசியாரே’ என்று கூப்பிடுவதிலேயே தீர்ந்துவிடும். முதல் மாதம் இது என்னை ரொம்ப உறுத்தியது. ஊழியத்தில் எனக்கு வந்த முதல் சோதனை என்று பாதிரியாருக்குக் கடிதமே எழுதினேன். அதைவிடப் பெரிய சோதனைகள் பின்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தது அப்போது தெரியாது.

இன்னாருக்கு இன்னார்

நான் வந்த புதிது. ஆடி மாதம். மார்த்தாள் கொட்டகைக்கு வந்தார். நாத்தனார் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா, கூடாதா? வேதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பதில் தெரியாத கேள்வி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை எங்காவது பிரிப்பேன். விரல் பட்ட இடத்திலிருந்து கம்பீரமாக வாசிப்பேன். கேட்டவர் குழம்பிப்போய், நமக்குத்தான் புத்தி போதவில்லை என்று எழுந்து போய்விடுவார். இப்படி நாலைந்து கேள்விகளைச் சமாளித்து, ஞானி என்று கொஞ்சம் பெயரும் வாங்கியிருந்தேன்.

அன்றைக்குப் புத்தகம் முதல் பக்கத்தில் பிரிந்தது. ஆபிரகாம் தொடங்கி யாருக்கு யார் பிறந்தார் என்கிற வம்ச வரிசை. ஆரம்பித்த பிறகு நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அத்தனை தலைமுறையையும் மூச்சு வாங்க வாசித்து முடித்தேன். மார்த்தாள் ஒரு பேரையும் விடாமல் கேட்டார். நான் தொண்டை வறண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எனக்குத் தோன்றாத பதிலை அவரே எடுத்துக்கொண்டு எழுந்தார். “இத்தினி பேரும் நல்லவங்களாவா இருந்துருப்பாங்கோ? ஒண்ணு ரெண்டு கேடுகெட்டதும் இருந்துருக்கும். அப்பவும் சொந்தம்னு ஒருத்தரையும் உடாம எழுதி வெச்சிக்கிறாங்கோ பாரு. நான் நாத்தனாள எப்பிடி உடறது? போய்ட்டு வரேன், கூழு மட்டும் எனக்கு வோணாம்னு சொல்லிடறேன்.”

கலீஜான கால்

பெரிய வியாழக்கிழமை. ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவிய பகுதியை வாசித்துவிட்டு, நாமும் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்று உருக்கமாகப் பேசினேன். எனக்கே கண் கலங்கியது. செம்பில் தண்ணீர், தோளில் துண்டு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். பேதுருவின் முன்னால் மண்டியிட்டு, என் தாழ்மையை எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். பேதுரு காலை உள்ளே இழுத்துக்கொண்டு செம்பைக் கையிலிருந்து வாங்கினார். “நாங்க நாள் பூரா தண்ணிலதான் நிக்கிறோம், எங்க காலுக்கு இன்னா? தெரு மண்ணுல நடந்து ஒன் காலுதான் கலீஜா கீது. இப்பிடி குடு.”

வலது பக்கம்

கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறவர்களிடம் போய்ப் பேச வேண்டும் என்பது பாதிரியாரின் உத்தரவு. மீனவர்களுக்கு ஏற்ற பகுதி என்று நானே தேர்ந்தெடுத்துப் போனேன். விடிய விடிய ஒன்றும் அகப்படாத சீஷர்களிடம், தோணியின் வலது பக்கம் வலையைப் போடுங்கள் என்று ஆண்டவர் கரையிலிருந்து சொல்கிறார், வலை கொள்ளாமல் மீன் வருகிறது. வாசித்து நிமிர்ந்தால், எல்லோரும் பொத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். பிரசங்கம் தைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கேள்விகள் வந்தன. காற்று வாடையா, தெற்கா? தண்ணீர் ஏறுகிற நேரமா, வடிகிற நேரமா? தோணி கரையைப் பார்த்து நின்றதா, கடலைப் பார்த்து நின்றதா? திரும்பி நின்றால் வலது இடதாகிவிடுமே, அப்புறம்? நான் ஒவ்வொன்றுக்கும், அது முக்கியமில்லை என்றேன். அவர்களைப் பொறுத்தவரை அது மட்டும்தான் முக்கியம். கடைசியில் குப்பத்துத் தலைவர் கோவிந்தன், அவரை நாட்டார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், ஊசியை வலையில் குத்திவிட்டு வாயைத் திறந்தார். “மீனு புடிக்கிறவன் கரையில நிக்கிறவன் பேச்ச லேசுல கேக்க மாட்டான். கேட்டாங்கோன்னா, அந்த ஆளுக்குத் தண்ணி தெரிஞ்சிருக்கணும். ஒனக்குத் தெரியுமா, ஒபதேசியாரே?”

குடத்தில் போட்ட ஓலை

தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் இறால் ஓடுகிற இடம் ஒன்று உண்டு. ஆளாளுக்கு அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் குப்பத்தில் பாடு என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஐப்பசி பிறந்ததும், பங்குள்ள ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் ஓலை நறுக்கு என்று குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். முதலில் வந்த ஓலைக்காரருக்கு முதல் நாள், அடுத்து வந்தவருக்கு அடுத்த நாள். அன்றைக்கு அந்த இடத்தில் அந்த வீட்டு வலை மட்டும்தான். எல்லோரும் ஒரு முறை கட்டி முடித்ததும் மறுபடி முதல் வீடு. மழைக்காலம் முடிகிறவரை இப்படியே சுற்றி வரும். அந்த இறாலில்தான் அவர்களுக்கு வருஷத்துச் சோறு.

எழுத்துத் தெரியாது என்பதால் ஓலையில் அடையாளம்தான். ஒரு வீட்டுக்குத் துடுப்பு, ஒரு வீட்டுக்குப் பிறை. பேதுரு வீட்டுக்கு நண்டுக்கொடுக்கு. அந்த வருஷம் நாட்டார் குடத்தைக் குலுக்கும்போது பேதுரு என் காதோரம் குனிந்து, “நம்ப அப்போஸ்தலருங்கோகூட இப்பிடித்தான் சீட்டு போட்டாங்கோ, இல்ல? ஆண்டவரக் காட்டிக் குடுத்த அந்தத் துரோகி செத்தப்புறம் அவன் எடத்துக்கு ஆளு எடுக்க?” என்றார். போன வாரம்தான் நான் அதை வாசித்திருந்தேன். அம்மன் பெயர் சொல்லிக் குடம் குலுக்குகிற இடத்தில் அப்போஸ்தலர் எதற்கு என்று எனக்குச் சங்கடம். “அது வேற, இது வேற” என்று அடக்கினேன். எப்படி வேறு என்று அவர் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

சுற்று திங்கட்கிழமை தொடங்குவதாகப் பேச்சு. ஓலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழாவதாக நண்டுக்கொடுக்கு வந்தது. எல்லோரும் விரல் விட்டு எண்ணினார்கள். எண்ணி முடித்து என் பக்கம் திரும்பினார்கள். நாட்டார் ஓலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். “நண்டுக்கொடுக்கு, ஞாயித்துக்கெழம. இன்னா ஒபதேசியாரே, ஒன் சாமிக்கு இது சம்மதமா?”

பதினாலும் ஏழும்

ஊர் முழுக்கக் கூடி நின்று என் வாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சும்மா விடுவேனா? ஓலைக் கட்டைப் பிரித்து ஓய்வுநாள் கட்டளையை வாசித்தேன். வனாந்தரத்தில் ஓய்வுநாளுக்கும் சேர்த்து ஆறாம் நாளிலேயே வானத்திலிருந்து மன்னா அப்பம் இரண்டு மடங்கு விழுந்த கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வலை விழக்கூடாது என்று தீர்ப்பும் கொடுத்தேன். முறையை வேறு வீட்டோடு மாற்றிக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு, மாற்றிக்கொள்வதென்றால் குடம் எதற்கு என்று சிரித்தார்கள். “பரவாயில்லை, இந்த ஒரு முறைதானே. அடுத்த முறை வேறு கிழமையில் வரும், கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்றேன். பேதுரு, “நெசமாவா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நிஜம்தான் என்றேன்.

அந்த ஞாயிறு பேதுருவும் மார்த்தாளும் பெண்பிள்ளைகளும் குளித்து முழுகிக் கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓலைத் தட்டியின் இடுக்கில் முகத்துவாரம் தெரிந்தது. பாடு வந்த வீட்டார் வலை போடாமல் விட்ட நாளில் அந்த இடத்தில் வேறு யாரும் வலை போடக் கூடாது. குப்பமே கரையில் நின்று, வலை இல்லாத தண்ணீரில் இறால் துள்ளித் துள்ளிக் கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேதுருவின் கண்ணும் இரண்டொரு முறை அந்த இடுக்குக்குப் போய் வந்தது. நான் பாட்டை இன்னும் உரக்கப் பாடினேன். சாயங்காலம் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினேன். என் பிரசங்கத்தின் பலனாக ஒரு மீனவக் குடும்பம் ஓய்வுநாளுக்காக வலையைத் துறந்தது என்று இரண்டு பக்கம்.

மறுநாள் காலையில், பேதுருவின் அடுத்த முறை என்ன கிழமையில் வருகிறது என்று விசாரிக்க நாட்டாரிடம் போனேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பரிதாபமாகப் பார்த்தார். “குப்பத்துல பதினாலு தலைக்கட்டு. பதினாலுல ரெண்டு ஏழு கீது. இந்தப் பருவம் பூரா அவனுக்கு ஞாயித்துக்கெழமதான். சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும், நீ எழுத்து படிச்சவனாச்சே, எண்ணிப் பாக்கலியா? இன்னொரு தபா வலை உழலன்னா அந்த ஓலைய எடுத்து ஏரில போட்டுடுவோம். பாடு மொறைய மதிக்காதவனுக்குப் பாடு கெடியாது.”

திங்கட்கிழமைக் குழம்பு

அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. மாதக்கணக்கை, சூரிய சந்திர கிரகணத்தை எல்லாம் பாதிரியாரிடம் படித்தவன் நான். பதினாலை ஏழால் வகுக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்த ஓலையில் இருந்தது, நான் அதை வாயால் ஊதிவிட்டேன். இருந்தாலும் பசி என்று ஒன்று இருக்கிறதே. திங்கட்கிழமை என்றால் எனக்கு மடவை மீன் குழம்பு. காலையிலேயே புளியை ஊற வைத்திருந்தேன்.

வாசலில் மார்த்தாள் கூடையை இறக்கினார். எப்போதும் தன் வீட்டு மீனை விற்பவர், அன்றைக்கு அடுத்த வீட்டு மீனைச் சுமந்து கூலிக்கு விற்க வந்திருந்தார். முகத்தில் ஒரு குறையும் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, வழக்கம்போல மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “புதுசுதானா?” என்றேன். கிண்டலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் அவர் கேட்டார். “புதுசுதான். நேத்து புடிச்சது. நேத்து இன்னா கெழம, ஒபதேசியாரே?”

கோட்டையில் ஒரு விசாரணை

மீன் வாங்கவில்லை. ஊறிய புளியைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டேன். பழவேற்காட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஞாயிற்றுக்கிழமை மீனை நாக்கைச் சப்புக் கொட்டிச் சாப்பிட்ட நான்தான் பேதுருவுக்கு ஓய்வுநாள் சட்டம் சொன்னேன் என்று புரிய எனக்கு ஒரு கூடை மீன் தேவைப்பட்டது. புரிந்த பிறகு ஒரு யோக்கியன் என்ன செய்வான்? நேரே பேதுரு வீட்டுக்குப் போய், தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வான். நான் கோட்டைக்குப் போனேன்.

என் கணக்கு இதுதான். கோட்டைப் பாதிரியார் பெரிய படிப்பு படித்தவர். மீனவன் வலை போடலாம் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால், மேலிடத்து உத்தரவு என்று ஊரில் சொல்லிவிடலாம், நான் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் ஏறியவன் இறங்குவதற்கு அடுத்தவன் தோளைத் தேடினேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் துபாஷியை வைத்துக் கேட்டேன். பாதிரியார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கர்த்தருடைய நாளில் வேலை கூடாது, வாங்கக் கூடாது, விற்கக் கூடாது என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வெளியே வரும்போது குசினிப் பக்கம் நெய்யில் எதுவோ பொரிகிற வாசனை. குசினிக்காரர் ஒரு முழ நீளக் கொடுவாய் மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். “விசேசம் இன்னா விசேசம், வாராவாரம் இதான். ஞாயித்துக்கெழம பகலு கொடுவா இல்லன்னா பாதிரி ஐயாவுக்குச் சோறு எறங்காது. அதுவும் இன்னிக்குக் காலைல புடிச்சதா இருக்கணும், நேத்து மீன அவரு தொட மாட்டாரு.”

மூஞ்சியைக் காப்பாற்றும் வேலை

அந்தக் கோட்டைப் பாதிரியாரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை ஏது? வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். நாலு நாள் புரட்டினேன் என்று சொன்னால் பெரிய ஆராய்ச்சி மாதிரி இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், தேடவே வேண்டியிருக்கவில்லை. பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிரைக் கொய்து தின்கிறார்கள், ஆண்டவர் அவர்கள் பக்கம் பேசுகிறார். குழியில் விழுந்த ஆட்டை அந்த நாளில் தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்கிறார். நான் விவசாயி வீட்டுப் பிள்ளை. கதிரும் ஆடும் வருகிற பக்கம் என்று அந்த இடத்தில் போன தை மாதமே ஒரு மயிலிறகை வைத்திருந்தேன். அதைத் தாண்டித் தாண்டித்தான் இத்தனை நாளும் புரட்டியிருக்கிறேன். நான் சொன்னதே சரி என்று சொல்லுகிற ஒரு வரி எங்காவது அகப்படாதா என்பதுதான் என் தேடல்.

வியாழக்கிழமை மத்தியானம் பேதுரு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். அவர் பேசுவதற்குள் நான் மூன்று தடவை துண்டை மடித்துப் போட்டேன். “எங்க நைனா காலத்துலேந்து அந்த நண்டுக்கொடுக்கு கொடத்துல கீது” என்று ஆரம்பித்தார். “வர்ற ஞாயித்துக்கெழமயும் வலை உழலன்னா அது போயிடும். போனா நானு அடுத்தவன் தோணில கூலிக்கு ஏறணும், அவ அடுத்தவன் மீனத் தூக்கிக்கினே திரியணும். அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கணும். அந்தப் பன்னெண்டாவது ஆளுக்கு அப்போஸ்தலருங்கோ சீட்டு போட்டாங்கோளே, அதுல ஆளு எடுத்துக் குடுத்தது கர்த்தருதானே? எம்பேர்க்காரருதானே முன்ன நின்னாரு? அப்ப எனக்கு ஞாயித்துக்கெழமய எடுத்துக் குடுத்தது யாரு?”

“அது வேற, பேதுரு, இது...” என்று தொடங்கினேன். நான் வாசித்ததை எல்லாம் இந்த மனிதர் மனதில் போட்டு வைத்துக்கொண்டு, அதிலேயே தன் வீட்டுக்கு வழி தேடியிருக்கிறார். அச்சடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் என் மானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூடத் தேவலை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, நான் பயந்துகொண்டிருந்ததையே சொன்னார். “நீ போடாதன்னு சொன்னா இப்பவும் போட மாட்டேன் ஒபதேசியாரே. ஒன் பேச்சக் கேக்கறேன்னு வாக்கு குடுத்துக்கிறேன். ஆனா பொஸ்தகத்தப் பாத்து சொல்லு, ஒன் மூஞ்சியக் காப்பாத்தறதுக்கு சொல்லாத.”

ஞாயிற்றுக்கிழமை, தோணியில்

ஞாயிறு விடிந்ததும் கரைக்குப் போனேன். பேதுருவின் வலை விழுமா, ஓலை விழுமா என்று பார்க்கக் குப்பம் முழுக்க வந்திருந்தது. முதல் நாள் முழுக்க நான் ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். ‘வேதத்தின் ஆழமான பொருளை மேலும் ஆராய்ந்ததில்’ என்று அது ஆரம்பிக்கும். மார்த்தாளைப் பார்த்ததும் அது மறந்துபோனது. மயிலிறகு வைத்த பக்கத்தைப் பிரித்து, கதிர் கொய்த கதையை வாசித்தேன். பிறகு, “நான் அன்னைக்கு இங்க நின்னு சொன்னது தப்பு. இது இந்தப் புத்தகத்துல இருந்தது. எனக்குத் தெரிஞ்சும் இருந்தது. பேதுரு வலை போடலாம்” என்றேன்.

நாட்டார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வலையை ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்பாடா என்று திரும்பினால் பேதுரு நகரவில்லை. “அப்ப கோயிலு? ஞாயித்துக்கெழம ஜெபம் இல்லாம நான் தண்ணில எறங்க மாட்டேன்” என்று நின்றார். அவருக்குக் கொட்டகைக்கு வர நேரமில்லை. ஆகவே கோயில்தான் தோணிக்குப் போக வேண்டும். கணுக்கால் தண்ணீர்க்காரனான என்னை இரண்டு பேர் தூக்கித் தோணியில் வைத்தார்கள்.

பேதுரு வலையைக் கட்டினார். நான் தோணியின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து, அப்போஸ்தலர் சீட்டுப் போட்ட பகுதியை வாசித்தேன். முகத்துவாரத்தில் கடல் அலையும் ஏரித் தண்ணீரும் மோதுகிற இடம் அது. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். ஒரு கையால் புத்தகத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தேன். பேதுரு ஒரு கையில் வலைக்கயிறும் மறு கையில் என் இடுப்பு வேட்டியுமாக நின்று, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அன்றைக்கு வலை கிழிகிற அளவு இறால் வரும் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன். வந்தது மூன்று கூடை. நல்ல பாடுதான் என்றார்கள்.

கரையில் என்னை மூட்டை மாதிரி இறக்கினார்கள். மார்த்தாள் முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் குந்தினார். பெண்பிள்ளைகள் இரண்டும் கூடையைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தன. “காலைல எல்லாரு முன்னாலயும் தப்புன்னு சொன்னியே, அது அந்தப் பொஸ்தகத்துல கீதா, இல்ல நீயா சொன்னியா?” என்று கேட்டார். நான் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த பேதுரு திரும்பிப் பார்க்காமலே எனக்காகப் பதில் சொன்னார். “கீது, கீது. எம்பேர்க்காரரு ஆண்டவர யாருன்னே தெரியாதுன்னு மூணு தபா பொய் சொல்லிட்டு, கோழி கூவனப்புறம் வெளில போய் அழுதாரே, அந்த எடம்தான் அது. அவுரப் புடிச்சித்தான் அப்பறம் பெரிய ஆளா ஆக்குனாங்கோ, பயப்படாத.”

அன்று சாயங்காலம் சென்னப்பட்டணத்துப் பாதிரியாருக்கு இந்த விஷயமாக இரண்டாவது கடிதம் எழுதினேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் மார்த்தாள் தன் வீட்டு இறாலில் ஒரு கை அள்ளிப் போட்டார், என்றைக்குப் பிடித்தது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டேன். நண்டுக்கொடுக்கு குடத்திலேயே இருக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் வழி கேட்டு வந்தால், முதலில் புத்தகத்தைத் திறக்கிறேன், பிறகு விரலை மடக்கிப் பதினாலுவரை எண்ணிப் பார்க்கிறேன், அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கிறேன்.